கப்பலில் தெற்கே தலை

சனி, ஆவணி 14. இரவு.

கப்பல் பயணத்துக்கு அறை பதிவு செய்தாயிற்று. சந்தோஷப்பட வேண்டிய நாள். எனக்கோ வயிறு எரிகிறது.

இலுப்பூர் பஸ்ஸில் ஏறினாலே எனக்கு வாந்தி வரும். அதனால் புதுக்கோட்டை டிராவல்ஸ் ஆபீசுக்குள் நுழைந்ததும் அதைத்தான் முதலில் சொன்னேன். அங்கிருந்த பெண் கப்பலின் வரைபடத்தை மேசையில் விரித்தாள்.

“நடுவுல, கீழ்த்தளத்துல எடுங்கம்மா. அங்கதான் ஆட்டம் கொறைவு. மேல்தளத்துல முன்பக்கம் மட்டும் வேண்டாம்.”

நல்ல பெண். கூட வந்த என் வீட்டுக்காரர் காதில்தான் எதுவும் ஏறவில்லை. “கெளம்புறப்ப கப்பல் எங்கிட்டுப் பாத்து நிக்கும்?” என்று அவளைக் கேட்டார். அவள் காட்டிய அறையில் கட்டில் வடக்கே தலை வைக்கிற மாதிரி கிடக்கிறதாம்.

“சார், கடல்ல கப்பல் திரும்பிக்கிட்டே இருக்குமே!”

“கெளம்புற நேரம் சரியா இருந்தாப் போதும்மா.”

என்னமோ கிரகப்பிரவேசத்துக்கு நேரம் குறிக்கிற மாதிரி. கடைசியில் தெற்கே தலை வைக்கிற அறை ஒன்றைத் தேடிப் பிடித்தார். மேல்தளம், முன்பக்கம்.

“ஏங்க, எனக்கு ஒத்துக்காதுங்க” என்றேன்.

“ஒனக்கு ரெண்டு மாத்திரை வாங்கிட்டாப் போச்சு. வடக்க தலை வச்சு எனக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?”

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த கடல் படத்தைப் பார்த்தேன்.

இப்போது வீட்டில் என் பக்கத்தில் தெற்கே தலை வைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். அந்தக் கப்பல் எந்தப் பக்கம் திரும்பினாலும், என் தலை மட்டும் வாஷ்பேசின் பக்கம்தான் இருக்கப் போகிறது.