முப்பத்தொரு டப்பா

நாள் 412, 08:10
விண்கப்பலின் பின்கோடி ஆய்வகம். எழுதுபவன் அருள்தாசன், வைரஸ் ஆய்வாளன். குழந்தைகளின் வயிற்றுப்போக்கு வைரஸுக்குப் பதினோரு மரபுத் துண்டுகள். இரண்டு வகைகள் ஒரே குடலில் சந்தித்தால் துண்டுகளை மாற்றிக்கொண்டு புதிதாகக் கிளம்பும். அதனால் மாதாமாதம் முப்பத்தொரு குழந்தைகளின் மலமும் டப்பாவில் எனக்கு வரும். உருமாறிய வகை தென்பட்டால் அந்தக் குழந்தை தாயைப் பிரிந்து இருபது நாள் தனியறையில். விதி என்னுடையது. தாய்மார் சபிக்கிறார்கள். சபிக்கட்டும்.

இம்மாதமும் எல்லாம் பழைய வகை. முப்பத்தொன்றும் ஓரெழுத்துப் பிசகாமல் ஒன்றுபோல். அதற்கே சொட்டு மருந்து செய்து அனுப்பினேன்.

நாள் 419, 14:25
மருந்து குடித்த ஒன்பது குழந்தைகள் நீர் வற்றிக் கிடக்கிறார்கள். மனைவி மரகதத்தின் அழைப்பு:
"இத்தன மாசமா எல்லா டப்பாலயும் போனது கோசலை மவனோடதுங்க. அவனுக்குப் பழைய வகைன்னு நீங்கதான சொன்னீங்க. நம்ம மவ நிலானி டப்பாவும் அப்படித்தான். மொத ஆளா அவளத்தான் அடைப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

ஒன்றுபோல் இருந்தபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கு மகிழ்ச்சி வந்தது. முட்டாள்.

நாள் 420, 09:00
மருந்துக்கான வைரஸை வளர்க்கும் செல்கள் இன்னும் ஒரே ஒரு முறைக்குத்தான் மிச்சம். ஒலிபெருக்கியில் கெஞ்சினேன்: "உண்மையான டப்பா குடுங்க. ஒரு புள்ளையையும் பிரிக்க மாட்டேன். சத்தியம்."

16:40
வந்தது முப்பத்தொன்று. முப்பது மறுபடியும் கோசலை மகனுடையது. இந்தப் பெண்களை என்ன செய்வது!
ஒன்று மட்டும் வேறு. நான்கு துண்டுகள் புதியவை. நிலானியுடையது. மருந்துக்கு இந்த ஒன்று போதும்.

16:52
கப்பல் தளபதி யூசுப்பின் அழைப்பு:
"உருமாறினது இங்க கணினியிலயும் வந்துடுச்சு சார். நீங்க எழுதுன விதிதான். பாப்பாவ எடுத்துட்டோம்."
விடச் சொல்லிக் கத்தினேன். விதியை மாற்ற எழுதிய எனக்கும் அதிகாரம் இல்லையாம், தனக்கும் இல்லையாம். பாவி! டப்பாவைக் கொடுக்க மரகதம் அவளையும் இடுப்பில் தூக்கி யூசுப்பிடம் வந்திருக்கிறாள். காலையில் கெஞ்சிய ஒலிபெருக்கியை நான் அணைக்கவில்லை. யூசுப்பின் அழைப்பில் நிலானி அம்மாவைக் கூப்பிட்டு அழுதது கப்பல் முழுவதும் கேட்டது.

நாள் 424, 07:30
மருந்து தயார். குடியிருப்பிலுள்ள மற்ற முப்பது குழந்தைகளுக்கும் போதும். தாய்மார் குடியிருப்புக் கதவை உள்ளிருந்து அடைத்துவிட்டார்கள். மரகதம் ஒரே ஒரு முறை பேசினாள்:
"ஒங்க சத்தியத்த நம்புனது நான் ஒருத்திதாங்க."

11:15
தனியறையில் நிலானியின் அழுகை நின்றுவிட்டது. உயிரோடு இருக்கிறாளா என்று கேட்டேன்; யூசுப் அழைப்பைத் துண்டித்துவிட்டான்.
தாய்மாரின் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறேன். மருந்து கையில்தான் இருக்கிறது. யாரும் திறக்க