என்னை இறக்கப் பார்க்கிறார்கள்

மார்ச் 3, செவ்வாய்

முனைக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை. மின்சார ஆபீசுக்குப் போன் போட்டால், "உங்க செயலாளர் அப்பவே சொல்லிட்டாரே" என்கிறார்கள். செயலாளர் என்றால் நம் தையற்காரர்தான். இந்தத் தெருச் சங்கத்துக்கு முப்பத்தொரு வருடமாக நான் தலைவர். முப்பத்தாறு வருடம் லைன்மேனாகக் கம்பம் ஏறியவன். விளக்கு விஷயத்தில் இதுவரை யாரும் என்னை முந்தியதில்லை. என்ன திடீர் அக்கறை?

மார்ச் 4, புதன்

மாடியிலிருந்து இறங்கும்போது கீழே பேச்சுக்குரல். படியிலேயே நின்றுவிட்டேன். தையற்காரர், என் மகன், என் மனைவி.

"இந்த மாசத்துக்குள்ள இறக்கிடணும்மா."

"அவரு ஒத்துக்கவே மாட்டாரு."

"கேட்டுட்டுச் செய்யற காரியமா இது? நாலு பேர் சேர்ந்து இறக்கிட வேண்டியதுதான்."

நான் போய் நின்றதும் மூவரும் கப்சிப். தையற்காரர் கையில் அளவு டேப். "சும்மா இந்தப் பக்கம் வந்தேங்கய்யா" என்றார். கடையைப் போட்டுவிட்டு யாராவது சும்மா வருவார்களா? மனைவி கேட்காமலே டீ கொடுத்தாள். அதுவே சரியில்லை.

மார்ச் 5, வியாழன்

பதவியிலிருந்துதான். வேறென்ன.

மார்ச் 7, சனி

நான் பிறந்த மலைக் கிராமத்தில் 'அவன் இறங்கிட்டான்' என்றால் ஊரைவிட்டுப் போய்விட்டான், இனி கணக்கில் இல்லை என்று அர்த்தம். பதினெட்டு வயதில் நான் வேலைக்குக் கிளம்பியபோது அம்மா அக்கம்பக்கத்தில் அப்படித்தான் சொன்னாளாம். அந்த வார்த்தையை இந்த வயதில் என் வீட்டுக்குள்ளேயே கேட்க வேண்டியிருக்கிறது.

இந்தத் தெருவுக்கு வந்தபோது சாக்கடை கிடையாது. மழை பெய்தால் இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை என்று முழங்கால் தண்ணீரில் நடப்பாள் என் மனைவி. வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கியது யார்? படிப்பகத்துக்கு இடம் பிடித்தது யார்? தையற்காரருக்கு ஒருவரும் கடை கொடுக்காதபோது வீட்டுக்காரனிடம் பேசி வாங்கிக் கொடுத்தது யார்? அந்த ஆளுக்கா இப்ப நான் வேண்டாதவனாயிட்டேன்? சரி, ஊரான். இவளுக்கு என்ன வந்தது? அம்பத்திரண்டு வருஷம் கூட இருந்தவளாச்சே—

மார்ச் 10, செவ்வாய்

கீழ் அறைக்கு வெள்ளையடிக்கிறார்கள். கேட்டால் "வாடகைக்கு விடலாம்னு" என்கிறான் மகன், முகத்தைப் பார்க்காமல். பொய் சொல்ல வராது அவனுக்கு, சின்ன வயதிலிருந்தே. எனக்குப் புரிந்துவிட்டது. சங்க ஆபீசை இங்கே கொண்டுவரப் போகிறார்கள். என்னை இறக்கிவிட்டு, என் வீட்டிலேயே, என் தலைக்குக் கீழேயே தையற்காரருக்கு நாற்காலி!

மார்ச் 15, ஞாயிறு

படிப்பகத்தில் கூட்டம். முதல் ஆளாக எழுந்தேன். "யாரும் என்னை இறக்க வேணாம். நானே இறங்கிக்கிறேன்" என்று ராஜினாமாக் கடிதத்தைத் தையற்காரர் கையில் கொடுத்தேன். யாராவது 'ஐயோ வேண்டாம்' என்பார்கள் என்று காத்திருந்தேன். அதற்குத்தானே எழுதினேன். மருந்துக்கடை அம்மா தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தையற்காரர்தான் வாயைத் திறந்தார். "ஐயா, நாங்க பேசினது உங்க கட்டிலைப் பத்தி. போன மாசம் மாடிப்படியில விழுந்துட்டு யாருக்கும் சொல்லாம மேல போயிட்டீங்களாம். அம்மா பார்த்துட்டு அழுதாங்க. கீழ் ரூமுக்கு உங்களை இறக்கிடலாம்னுதான்... ஜன்னலுக்குத் திரை தைக்கத்தான் அளவெடுத்தேன்."

யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கடிதத்துக்குக் கையை நீட்டினேன். அவர் அதை ஏற்கெனவே மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

"அது இருக்கட்டுங்கய்யா" என்றார், மெதுவாக. கொடுத்துவிடுங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை.

சதி இல்லை. ஆனால் ஆசை இருந்திருக்கிறது, எல்லோருக்கும். எத்தனை வருடமாக?

மார்ச் 16, திங்கள்

சாப்பிடவில்லை. வலிக்கிறது. படியில் அடிபட்ட முழங்காலைச் சொல்லவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

கட்டிலை நாலு பேராக இறக்கினார்கள். படி திரும்பும் இடத்தில் மாட்டிக்கொண்டு, தையற்காரர் வேர்த்துக் கொட்டத் தாங்கி நின்றார். "உங்களை மனசுக்குள்ள கண்டபடி திட்டியிருக்கேன்" என்றேன்.

"தெரியுங்கய்யா. மூஞ்சியிலயே இருந்துச்சு. இப்ப கொஞ்சம் வழி விடுங்க, கை போகுது."

வழி விட்டேன்.

ஏப்ரல் 2, வியாழன்

கீழ் அறையில் நன்றாகத் தூக்கம் வருகிறது. இதை யாரிடமும் சொல்லவில்லை. புதுத் தலைவர் என்றால் தையற்காரர்தான். காலையில் வந்து, சாக்கடைக் குழாய் எந்த இடத்தில் திரும்புகிறது என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டார். தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டிருக்கலாம், மனசு வரவில்லை.

மாலையில் சமையலறையில் அவளும் மகனும் குசுகுசுவென்று பேசினார்கள். எழுந்து போய்க் கதவோரம் நிற்கலாமா என்று கால் பரபரத்தது. போகவில்லை. படுத்த இடத்திலிருந்தே கேட்டேன்.

"யாரைப் பத்திப் பேச்சு?"

"உங்களைப் பத்தித்தான்" என்றாள்.

"அப்ப கொஞ்சம் சத்தமாப் பேசுங்க" என்றேன்.