அவசரம் ஒன்றுமில்லை

மார்ச் 4, செவ்வாய்

ஆய்விதழின் ஆசிரியருக்கு இன்று ஐந்தாவது நினைவூட்டல் அனுப்பினேன். இது இழுத்துக்கொண்டே போகும் போலிருக்கிறது. எனக்கென்று சில விதிகளை எழுதி வைத்துக்கொள்கிறேன். இனி இங்கே எழுதப்போவதும் இவற்றைப் பற்றித்தான்.

1. பதினான்கு நாளுக்கு ஒருமுறைதான் எழுத வேண்டும். செவ்வாய், காலை பத்தேகால்.
2. ஐந்து வரிக்கு மேல் போகக் கூடாது.
3. வீட்டுத் துயரத்தை அலுவல் கடிதத்தில் நுழைக்கக் கூடாது.
4. கோபம் கூடாது.

கட்டுரை, நாற்பத்தொரு கிணறுகளின் நீர்மட்டத்தைப் பற்றியது. பத்தொன்பது ஆண்டுகள் மாதந்தோறும் டேப்பை இறக்கி அளந்தவர் மச்சான், என் மனைவியின் அண்ணன். நான் பணிபுரிந்த அலுவலகத்தில் கடைநிலை ஊழியர். கணக்குப் போட்டு எழுதியது மட்டும் நான். அக்டோபரில் அனுப்பினோம். மூன்று மாதத்தில் முடிவு சொல்வதாக எழுதியிருந்தார்கள். மச்சானுக்கு நுரையீரல் போய்விட்டது. இரண்டு மாதம் என்கிறார் மருத்துவர்.

கடிதத்தை வழக்கம்போல, 'அவசரம் ஒன்றுமில்லை, தங்களுக்கு நேரம் ஒழியும்போது தெரிவித்தால் போதும்' என்று முடித்தேன். அந்த வரி இல்லாமல் அனுப்ப எனக்குக் கை வருவதில்லை.

மார்ச் 9

மருத்துவமனை. மச்சான் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன மாப்ள, உங்க இதழ்க்காரர் உயிரோட இருக்காரா? எங்க ரெண்டு பேர்ல யார் முந்தப்போறோம்?"

"பொதுவா ஆறு மாசம் ஆகும் மச்சான்."

"என்கிட்ட அவ்வளவு ஸ்டாக் இல்லையே."

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு, பக்கத்துக் கட்டில்காரருக்குக் கேட்காமல், "என் பேரு ஏதாவது மூலையில இருக்குமில்ல?" என்றார்.

"இருக்கு."

முதல் பெயரே அவருடையதுதான். அதைச் சொல்லவில்லை. ஏற்பார்களோ மாட்டார்களோ, ஆசை காட்டக் கூடாது. அச்சில் வந்ததும் காட்டலாம் என்று நினைத்தேன். சரியாகத்தான் நினைத்தேனா?

மார்ச் 18, செவ்வாய்

ஆறாவது. 'தயவுசெய்து' இரண்டு முறை வந்திருந்தது. ஒன்றை எடுத்தேன். கடுமையாகத் தெரிந்தது. திரும்பச் சேர்த்தேன்.

மார்ச் 20

பதில் இல்லை.

மார்ச் 27

சாப்பிடும்போது மனைவி பிடித்துக்கொண்டாள்.

"அண்ணன் படுத்த படுக்கையா இருக்காருன்னு ஒரு வரி எழுதித் தொலைங்களேன்."

"அது அவங்களுக்கு நெருக்கடி கொடுக்கற மாதிரி ஆயிடும்."

"யாருக்கு? முகம் தெரியாத ஆளு சங்கடப்படக் கூடாது. எங்கண்ணன் மட்டும் ஏங்கிக்கிட்டே கிடக்கணும். நல்லா இருக்குங்க உங்க மரியாதை."

பாத்திரத்தை டங்கென்று மூடினாள். மூன்றாம் விதியை அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. நாற்பது வருடம் அலுவலகத்தில் கடிதம் வாங்கியவன் நான். தாயாருக்கு உடம்பு சரியில்லை, குழந்தைக்குக் காய்ச்சல் என்று எழுதியவர்களைப் பற்றி நாங்கள் என்ன பேசிக்கொண்டோம் என்பது எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 1, செவ்வாய்

ஏழாவது. மச்சானைப் பற்றி ஒரு வரி சேர்த்தேன். எடுத்தேன். மறுபடி சேர்த்தேன். மணி பத்தேகால் ஆகிவிட்டது. எடுத்துவிட்டு அனுப்பினேன்.

ஏப்ரல் 6

முகத்தில் ஆக்சிஜன் மூடி. என்னைக் கண்டதும் புருவத்தை மட்டும் உயர்த்தினார். இல்லை என்று தலையசைத்தேன். மூடியைக் கொஞ்சம் விலக்கி, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்: "விடுங்க மாப்ள. டேப் இறக்கற மாதிரிதான். தண்ணியைத் தொடற வரைக்கும் சத்தமே வராது."

அப்போதாவது சொல்லியிருக்கலாம், முதல் பெயர் உங்களுடையது என்று. செவிலியர் வந்து மூடியைச் சரிசெய்தார். என்னை வெளியே போகச் சொன்னார். போய்விட்டேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

மச்சான் போய்விட்டார். காலை ஆறு மணி.

ஏப்ரல் 15, செவ்வாய்

பத்தேகாலுக்குக் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஏன் உட்கார்ந்தேன்? வேறெங்கே போவது என்று தெரியவில்லை. ஒரே வரி எழுதினேன்: 'முதல் கட்டுரையாளர் ஞாயிற்றுக்கிழமை காலமானார்.' தயவுசெய்து இல்லை, அவசரமில்லை இல்லை.

இருபது நிமிடத்தில் தொலைபேசி. இதழ் அலுவலகத்து உதவியாளர், சின்னப் பெண் குரல்.

"ஐயோ சார், உங்க கட்டுரையை ஏத்துக்கிட்டு பிப்ரவரி பதினொண்ணாம் தேதியே ஒப்புதல் வந்திடுச்சு. உங்களுக்குக் கடிதம் அடிக்கறது ஒண்ணுதான் பாக்கி. அவசரம்னு கேட்கறவங்களுக்கு முதல்ல அனுப்புவோம். நீங்க ஒவ்வொரு தடவையும் அவசரமில்லைன்னே போட்டிருந்தீங்களா, அதனால கீழயே... ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா சார்?"

அழுதுவிடுவாள் போலிருந்தது. "பரவாயில்லைம்மா" என்றேன்.

எதைப் பரவாயில்லை என்று சொன்னேன்? ஐந்தாவதையும் ஆறாவதையும் ஏழாவதையும் நான் எழுதியபோது முடிவு வந்தாகிவிட்டிருந்தது. அவர் இருமிக்கொண்டே மூலையில் இடம் கேட்டபோதும்தான். பாவி, ஒரே ஒரு வரி. அதை எழுதறதுக்கு என்னடா கேடு உனக்கு?

ஏப்ரல் 22, செவ்வாய்

அச்சுப்படி வந்தது. தாளில் எடுத்து மனைவியிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தலைப்பின் கீழே விரல் வைத்தாள். விரல் அங்கேயே நின்றது.

"அண்ணன் பேருதான் முதல்லயா?"

"ஆமா."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

தாளை மடிக்காமல் கொண்டுபோய் உள்ளே வைத்தாள்.

பிழை திருத்த ஏழு நாள் கொடுத்திருக்கிறார்கள். பிழை ஒன்றும் இல்லை. இந்த நோட்டின் முதல் பக்கத்தில்தான் ஒன்று இருக்கிறது. மூன்றாவது விதி தவறு.