ஒரே கழுத்து, இரண்டு ரிப்போர்ட்

செவ்வாய்

காலையிலேயே அனல். லேப் ஏசி மறுபடி மக்கர். இன்று கட்டியில் ஊசி வைத்து, செல் எடுத்துப் பார்த்தது ஏழு பேர். தைராய்டு 4, மார்பு 2, கழுத்து 1.

அந்தக் கழுத்துதான் மண்டையைக் குடைகிறது. பாண்டியம்மாள், 56, பரவை மார்க்கெட்டில் வெங்காயக் கடை. வலது பக்கம் மூன்று கட்டி. வலி இல்லை, காய்ச்சல் இல்லை.

"வலிச்சிருந்தா முன்னாடியே வந்திருப்பேன் டாக்டரம்மா. ரெண்டு வருசம் முன்ன நீங்கதான் ஊசி வச்சுப் பாத்தீங்க. சும்மா நெறி கட்டியிருக்குன்னு எழுதிக் குடுத்தீங்க."

எனக்கு ஞாபகமே இல்லை.

மதியம் மைக்ரோஸ்கோப். சாதாரணமாக நெறி கட்டினால் சின்ன செல், பெரிய செல், குப்பை தின்னும் செல் எல்லாம் கலந்து கிடக்கும். இங்கே அத்தனையும் சின்னது, அத்தனையும் ஒரே மாதிரி. கடுகைக் கொட்டியது போல. ஒவ்வொன்றாகப் பார்த்தால் எதிலும் தப்பு தெரியாது. மெதுவாக வளரும் லிம்போமாவில் எல்லோரும் ஏமாறுவது இங்கேதான். நெறியில் வரும் புற்று. கட்டியை முழுசாக எடுத்துப் பார்த்தால்தான் உறுதி.

புதன்

டெக்னீசியன் சிக்கந்தர் பாய் பழைய பெட்டிகளைக் கிளறி, அன்று பாண்டியம்மாளின் செல்லைத் தடவிய கண்ணாடி ஸ்லைடைக் கண்டுபிடித்தார். இரண்டே இரண்டு. இரண்டும் ஆல்கஹாலில் போட்டவை. காற்றில் காயவிட்டது ஒன்றுகூட இல்லை. ஆல்கஹாலில் செல் சுருங்கும், அளவு சரியாகப் பிடிபடாது.

"அன்னைக்கு கேம்ப் மேடம். அம்புட்டுக் கூட்டம். எல்லாத்தையும் நாந்தான் ஜாடியில போட்டுட்டேன்."

போட்டது அவர். இன்னொரு ஊசி வைக்காமல் கையெழுத்துப் போட்டது நான். இன்று பார்த்தால் அதிலும் அதே கடுகு. வெட்கமாக இருக்கிறது. தயிர் சாதம் டப்பாவில் அப்படியே.

அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை. மறக்கக் கூடாது.

வியாழன்

லேப் முதலாளி அறைக்குக் கூப்பிட்டார். "புதுசா என்ன வேணாலும் எழுதுங்க மேடம். பழசை ஏன் கெளர்றீங்க? மெதுவா வளர்றதுதானே, ரெண்டு வருசத்துல என்ன குடியா முழுகிப்போச்சு?"

நேற்று எனக்கே தோன்றிய சமாதானம்தான். அவர் வாயில் கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது. குடி முழுகியதா இல்லையா என்று சொல்ல வேண்டியவள் அந்தக் கழுத்துக்குச் சொந்தக்காரி.

எழுதினேன். லிம்போமா சந்தேகம், கட்டியை எடுத்துப் பரிசோதிக்கவும். கீழே: பழைய ஸ்லைடை மறுபடி பார்த்ததில் அதிலும் இதே மாற்றம், அன்றைய என் முடிவு தவறு. பாய் பெயர் எங்கும் இல்லை.

வெள்ளி

பரவைப் பக்கம் மேகம். மழை இல்லை.

ரிப்போர்ட்டைக் கவுண்ட்டரில் கவராகக் கொடுப்பதுதான் வழக்கம். நான் உள்ளே உட்கார வைத்து, கையில் கொடுத்துச் சொன்னேன். பாண்டியம்மாள் அழவில்லை.

"அப்ப அன்னைக்கே தெரிஞ்சிருக்கணுமா?"

"தெரிஞ்சிருக்கணும். நான் விட்டுட்டேன்."

"ரெண்டு வருசமா எல்லார்ட்டயும் ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேனே."

ரிப்போர்ட்டின் அந்தக் கீழ் வரியை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இன்னொரு தரம் என்றார். வாசித்தேன். பெரியாஸ்பத்திரியில் எந்த நாள், எந்த வார்டு என்று எழுதிக் கொடுத்தேன்.

சனி

ஆஸ்பத்திரி சர்ஜன் போன். பாண்டியம்மாள் நேற்றே போய்க் காட்டிவிட்டாராம். செவ்வாய்க்கிழமை கட்டியை எடுக்கிறார்கள். பழைய ஸ்லைடும் வேண்டுமாம். பதினொரு மணிக்கு வாங்கிப்போகப் பாண்டியம்மாளே வந்துவிட்டார்.

முதலாளி வாசலிலேயே நின்றார். "அது வெளிய போச்சுன்னா திங்கக்கெழமை நீங்க வர வேண்டாம் மேடம்."

பாய் ரிஜிஸ்டரை விரித்து வைத்தார். பாண்டியம்மாள் கையெழுத்துப் போட்டார். நான்கு ஸ்லைடு, பழையது இரண்டு, புதியது இரண்டு, பஞ்சு வைத்துக் கட்டி அவர் கையில் கொடுத்தேன். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குப் போவேன். வர வேண்டாம் என்றால் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். என் தப்பை நான் அப்படித்தானே கொடுத்தேன்.