நீலா, விசாகம்

கரமனை, திருவனந்தபுரம்
ஓணம் கழிந்த ஞாயிறு, 2008

அன்புள்ள நீலாவுக்கு அம்மாவின் ஆசிகள். இங்கே அப்பாவும் நானும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறது. டொராண்டோவில் நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்று நானாகவே வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் ஃபோனில் என்னிடம் நீ பேசுவதே இப்போது மூன்று வார்த்தைதான். சுகம்மா, மழை உண்டா, அப்பாகிட்ட குடு. வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது, வயர்லெஸ் இருக்கிறது, இந்த அம்மா எதற்குத் தபால்தலை ஒட்டுகிறாள் என்று நினைப்பாய். ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்திருக்கிறேன், அதைக் கம்ப்யூட்டர் வழியாகச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. படித்து முடித்தால் உனக்கே புரியும்.

சுற்றி வளைக்கவில்லை. குழந்தைக்காக வைத்தியம் தொடங்கியிருப்பதாகவும், தினமும் ஊசி போட்டுக்கொள்வதாகவும், எங்கள் இருவரையும் தவிர ஈ காக்காய்க்குத் தெரியக்கூடாது என்றும் சித்திரையில் எனக்கு மெயில் எழுதினாய். ஆனியில் கல்பாத்தியிலிருந்து உன் மாமியார் கூப்பிட்டு, எங்களிடம் ஏன் மறைத்தாய் என்று உன்னைக் கேட்டிருக்கிறாள். அன்றைக்கே நீ எனக்கு ஃபோன் பண்ணி, "அம்மா, ஒரே ஒரு விஷயத்தையாவது உன்னால வயத்துக்குள்ள வெச்சுக்க முடியாதா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். அதிலிருந்துதான் இந்த மூன்று வார்த்தைப் பேச்சு. நீ கேட்டது நியாயம் என்றுதான் தெருவே சொல்லும். என் வாய் ஓட்டை வாய் என்பது எல்லோருக்கும் தெரிந்தது, உன்னைப் பெண் பார்க்க வரப்போகிறார்கள் என்று உனக்குச் சொல்வதற்கு முன் பால்காரரிடம் சொன்னவள் நான். ஆனால் நீலு, இதை நான் சொல்லவில்லை. உன் சித்தி வந்து இரண்டு நாள் தங்கியிருந்தாள், மடியிலே தலை வைத்துப் படுத்து, நீலாவுக்கு விசேஷம் ஏதாவது உண்டா என்று கேட்டாள், அப்போதும் வாயைத் திறக்கவில்லை. ஜன்மத்தில் ஒரு தடவை வாயைக் கட்டினேன், அந்தத் தடவைதான் உன்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். எவ்வளவு வலித்தது என்று உனக்குத் தெரியாது.

அழுதது போதும் என்று ஆனபிறகு எனக்கு வேறொன்று பிடித்துக்கொண்டது. நான் சொல்லவில்லை என்றால் எப்படிப் போயிற்று? அது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. முதலில் அப்பாவைப் பிடித்தேன். அவர் செக்ரட்டேரியட்டில் ரகசிய செக்‌ஷனில் இருந்தவராம், அவரைப் போய்ச் சந்தேகப்படலாமா என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அடுத்து, சொல்லவே கூச்சமாக இருக்கிறது, மாடியில் குடியிருக்கும் ஜெபமலரைச் சந்தேகப்பட்டேன். மார்த்தாண்டத்துப் பெண், கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை, கம்ப்யூட்டர் படித்தவள் ஆயிற்றே, நம் வயர்லெஸ் வேறு அவளுக்கும் கொடுத்திருக்கிறோம். காலையில் அவளுக்குக் கொடுக்கிற காப்பியை நிறுத்தினேன். அவளோ, மாமிக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்தாள்.

துப்பு கிடைத்தது கோவிலில். சனிக்கிழமை சாஸ்தா கோவிலில் உன் பேருக்கு அர்ச்சனை செய்வது தெரியும் அல்லவா, கவுண்டரில் பேரும் நட்சத்திரமும் சொல்லி ரசீது வாங்கினால், பூஜை முடிந்து அர்ச்சகர் போற்றி வாழையிலைத் துண்டில் சந்தனமும் பூவும் வைத்து ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டுக் கொடுப்பார். ஆடி மாசத்து ஒரு சனிக்கிழமை "நீலா, விசாகம்" என்று கூப்பிட்டார், நானும் கையை நீட்டினேன். பின்னால் நின்ற பக்கத்து வீட்டு நாகேஸ்வரன் மாமா சிரித்துக்கொண்டே, இந்த மந்திரத்தைச் சொன்னால்தான் எங்காத்தில் இன்டர்நெட் வருகிறது என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, என்ன மாமா சொல்கிறீர்கள் என்றேன். மஸ்கட்டிலிருக்கும் பிள்ளை அவருக்கு லேப்டாப் வாங்கிக் கொடுத்திருக்கிறான், அதைத் திறந்தால் நம் வீட்டு வயர்லெஸ் பேர் தெரிகிறதாம், பாஸ்வேர்டு கேட்டதாம், முதல் தடவையிலேயே சரியாகப் போட்டுவிட்டாராம். அதை எப்படிச் சொன்னார் என்கிறாய், பக்கத்து வீட்டுக் கிணற்றில் ஒரு வாளித் தண்ணீர் எடுத்தவர்போலச் சொன்னார். "உங்களுக்கு ஒரே பொண்ணு. பேர் தெரியும். நட்சத்திரத்தை வாராவாரம் கூப்பிடறா. வேற என்னத்தை வெச்சிருக்கப் போறேள் மாமி?"

மோடம் மாட்ட வந்தவர், மறக்காத ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டபோது நான்தான் பெருமையாக நீலாவிசாகம் என்றேன். பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியை வாராவாரம் கோவில் முற்றத்தில் ஏலம் விட்டிருக்கிறோம். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் ஒரே யோசனை, லைனுக்குள்ளே வந்தவர் வேறு எதற்குள்ளே வந்தார்? அன்றைக்கே காப்பி போட்டு எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன், சர்க்கரை ஒரு கரண்டி கூடவே போட்டேன், மன்னிப்புக் கேட்கிற காப்பி என்று அவளுக்குத் தெரியாது. விஷயத்தைக் கேட்டதும் ஜெபமலர் தன் லேப்டாப்பைத் திறந்து ஏதோ தட்டினாள். நம் வீட்டுக் கம்ப்யூட்டரின் பேர் வந்தது, அதற்குள் ஒரு மஞ்சள் பெட்டி, அதற்குள் 'நீலா கடிதங்கள்' என்று இன்னொரு பெட்டி. அந்தப் பேரைப் பார்த்ததுமே அவள் மூடிவிட்டு, இது உங்க வீட்டு விஷயம் மாமி, நான் பாக்கமாட்டேன் என்றாள். அப்படியே அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு மாசம் அவள் குடிக்காத காப்பியை நினைத்தால் இப்போதும் மனசு கேட்கவில்லை.

அந்தப் பெட்டி யார் வேலை என்று கேட்கிறாயா, உன் அப்பா வேலை. நீ எழுதுகிற ஒவ்வொரு மெயிலையும் எடுத்துத் தேதி வாரியாக ஃபைல் போட்டு வைத்திருக்கிறார், செக்ரட்டேரியட்டில் ஒரு காகிதத்தைத் தூக்கிப் போட்டவர் இல்லையே. சரி, வைத்ததுதான் வைத்தார், போயும் போயும் ஷேர்டு டாக்குமென்ட்ஸ் என்று எழுதியிருந்த பெட்டிக்குள் ஏன் வைத்தீர்கள் என்று கேட்டேன். "ஷேர்டுன்னா நம்ம ரெண்டு பேருக்கும் பொதுன்னு நினைச்சேன்" என்றார். கோபமாக வந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அலமாரிச் சாவியைக்கூட என்னோடு பொதுவில் வைக்காத மனுஷர், உன் கடிதத்தைத்தான் பொதுவில் வைத்திருக்கிறார். ஆனால் அந்தப் பொது என்பது வயர்லெஸ்ஸுக்குள் வருகிற எல்லோருக்கும் பொதுவாம், நம் வீட்டில் நமக்கு, நாகேஸ்வரன் மாமா வந்தால் அவருக்கும்.

மறுநாள் மத்தியானம் நாகேஸ்வரன் மாமா ஆத்து ஜெயலக்ஷ்மி மாமியிடம் போனேன். வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து நானும் இரண்டு பூவில் நரம்பை எடுத்தேன், பிறகு நேராகவே கேட்டேன். மறைக்கவில்லை, கையெல்லாம் கறையோடு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மாமா லேப்டாப்பில் பேப்பர் படித்துவிட்டு எழுந்து போனபின் நீலா என்று பேரைப் பார்த்து, உன் கல்யாண ஃபோட்டோ இருக்கும் என்று திறந்தாளாம், படிக்க ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லையாம். மாமாவிடம்கூடச் சொல்லாமல் கல்பாத்தியிலிருக்கும் அத்தை பெண், அவள் அத்தங்காளிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள், அந்த அத்தங்காள் உன் மாமியாருக்கு எதிர்வீடு. பரிகாசமாகச் சொல்லவில்லை, உனக்காகக் குருவாயூருக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்றாள். "வேண்டிண்டது சரி மாமி. சொன்னது சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். என்ன செய்வது நீலு, பாதி மனசு இன்னும் அவள்மேல் கொதிக்கிறது, பாதி மனசு அந்தக் கறைபட்ட கையையே நினைக்கிறது. அவள் கொடுத்தனுப்பிய வாழைப்பூ வடையை அப்பாதான் தின்றார்.

இதற்குப் பிறகு எனக்கு இந்த வயர்லெஸ் எதுவரை போகிறது என்று பார்க்காமல் இருப்புக் கொள்ளவில்லை. ஜெபமலருக்கு லீவு நாளாகப் பார்த்து அவள் லேப்டாப்பைத் திறந்தபடி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தெருவில் நடந்தோம், ஆரத்தித் தட்டு எடுத்துப் போவதுபோல நான் முன்னால், குடை பிடித்துக்கொண்டு அவள் பின்னால். வாசலில் சிக்னல் கோடு முழுசாக இருந்தது, நாகேஸ்வரன் மாமா வீட்டுக்கு முன்னாலும் முழுசு, குழாயடியில் ஒன்று குறைந்தது, கோவில் மதில் வரைக்கும் ஒரு கோடு இழுத்துக்கொண்டே வந்தது. திரும்பி வந்து நம் சமையலறையில் வைத்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை! வீடு ரயில்பெட்டி மாதிரி நீளம், பக்கச் சுவரோ இரண்டு வீட்டுக்கும் ஒன்று, அதனால் என் அடுக்களைக்கு எட்டாதது மாமியின் ஊஞ்சலுக்கு எட்டுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று இப்படிச் சுவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது, நாமோ வாசல் கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்குகிறோம். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை, கணபதி ஸ்டோர்ஸ்காரர் என்ன மாமி பண்றேள் என்று கேட்டதற்கு, எங்காத்து இன்டர்நெட்டை வாக்கிங் கூட்டிப் போறேன் என்றேன்.

ஜெபமலர் இப்போது எல்லாவற்றையும் சரி செய்துவிட்டாள். அந்தப் பொதுப்பெட்டியை மூடியாயிற்று. மோடத்துக்குள்ளே போவதற்கென்று தனியாக ஒரு பாஸ்வேர்டு உண்டாம், கடையிலிருந்து வருகிறபோது எல்லா மோடத்துக்கும் ஒரே வார்த்தைதானாம், ஒருத்தரும் மாற்றுவதில்லையாம், அதையும் மாற்றினாள். என் மெயிலுக்கும் நீலாவிசாகம்தான் வைத்திருந்தேன், ஒரே சாவியை எல்லாப் பூட்டுக்கும் போடக்கூடாதாக்கும் மாமி என்று அதற்கு வேறு வைத்தாள். மறந்துபோனால் கேட்பதற்கு, முதலில் படித்த பள்ளிக்கூடம் எது என்று ஒரு கேள்வி வருகிறது, கரமனையில் யாருக்குத் தெரியாது அது, அதனால் பொய்யைப் பதிலாகப் போடுங்கள் என்கிறாள். க்ஷேமத்துக்காகப் பொய் சொல்லச் சொல்லி இப்போதுதான் கேள்விப்படுகிறேன், நன்றாக ஒரு பொய் சொல்லி வைத்திருக்கிறேன். நீயும் உன் வீட்டில் பார்த்துக்கொள். உன் ஃப்ளாட்டில் மேலே கீழே எத்தனை குடித்தனம். கல்யாணத் தேதியைத்தான் பாஸ்வேர்டாக வைத்திருப்பாய் என்று என் மனசு சொல்கிறது, அதைப் பத்திரிகையில் அச்சடித்து ஊர் முழுக்கக் கொடுத்தவர்கள் நாம், இன்றைக்கே மாற்று. வெளியே காப்பிக்கடையில் சும்மா கிடைக்கிறதே என்று அந்த வயர்லெஸ்ஸில் உட்கார்ந்து ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டையோ பேங்கையோ திறக்காதே. நாகேஸ்வரன் மாமாவுக்கும் ஜெபமலர் சொல்லித் தனியாக லைன் எடுத்தாயிற்று, இனி பிள்ளையோடு பேச எங்கள் தயவு வேண்டாம்.

நம் புதுப் பாஸ்வேர்டை நானேதான் வைத்தேன். பேர் இல்லை, நட்சத்திரம் இல்லை, தேதி இல்லை, எந்தப் போற்றியும் கூப்பிட முடியாது. ஜெபமலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள், அவள் லேப்டாப்பிலும் அப்பா கம்ப்யூட்டரிலும் நானே ஒரு முறை அடித்துக் கொடுத்தேன், அதுவாக ஞாபகம் வைத்துக்கொள்கிறதாம். அப்பா தினமும் ஒரு தடவை கேட்கிறார். சொல்லவில்லை. என் வாயைப் பற்றிப் பேசினவர்கள் எல்லோரும் வந்து பார்க்கட்டும், ஒரு மாசமாகிறது, ஒரு குருவிக்குத் தெரியாது. உனக்கும் இதில் எழுதமாட்டேன், ஃபோனிலும் சொல்லமாட்டேன். உனக்குப் பேர் வைத்த அன்றைக்கு ஊருக்குச் சொல்வதற்கு முன் அப்பா குனிந்து உன் காதில்தான் நீலாம்பாள் என்று சொன்னார், நீ விழித்துப் பார்த்தாய். அதுமாதிரி நீ வந்தால் உன் காதில் சொல்கிறேன். நீயும் உன் விஷயத்தை, நல்லதோ இல்லையோ, முதலில் என் காதில் சொல்லு. ஊசி எப்படி வலிக்கிறது, டாக்டர் என்ன சொல்கிறார், எதுவுமே தெரியாமல் நான் இங்கே மழை உண்டா என்று பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என்னால் அது முடியவில்லை கண்ணே.

ஊசி போட்ட அன்றைக்குக் குனிந்து நிமிர்ந்து வேலை செய்யாதே, மாப்பிள்ளையைத் துணி மடிக்கச் சொல், ஒன்றும் குறைந்துவிடமாட்டார். சனிக்கிழமை அர்ச்சனையை நான் நிறுத்தவில்லை. நேற்றும் முற்றம் முழுக்கக் கேட்க நீலா, விசாகம் என்று கூப்பிட்டார், ஜெயலக்ஷ்மி மாமி தலையைக் குனிந்துகொண்டாள், நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். அந்தச் சந்தனம் காய்ந்ததும் பொட்டலம் கட்டி இதோடு வைத்திருக்கிறேன், வந்ததும் நெற்றியில் இட்டுக்கொள். சாஸ்தா துணையிருந்து உன் மடி நிறைந்து தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

கடிதம் கிடைத்ததும் ஃபோன் பண்ணு. முதலில் என்னிடம் பேசு, பிறகு அப்பாவிடம் கொடுக்கிறேன்.

உன் அம்மா,
சரஸ்வதி