இரண்டாவது அடி

என் பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்புக்கும் மனதுக்கும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பாய் என்று நினைக்கிறேன். நாங்கள் சுகம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், சித்தி அதற்குள் உன் காதில் போட்டிருப்பாள், அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன், பதறாமல் படி. அப்பாவுக்கு நெற்றியில் தையல், இடது காதில் இரைச்சல், மற்றபடி காபியில் சர்க்கரை கம்மி என்று என்னோடு மல்லுக்கு நிற்கும் அளவுக்குத் தெம்பாகத்தான் இருக்கிறார்.

நம் கிளினிக்குக்குக் கினிப்பன்றி கொண்டுவருவாளே ஒரு தையற்காரப் பெண், முதல் தடவை அதற்கு விலா எலும்பில் விரிசல், மேசையிலிருந்து விழுந்தது என்றாள். போன வாரம் பின்னங்கால் நசுங்கி எலும்பு தோலைக் கிழித்து வெளியே நிற்க, துணியில் சுற்றி எடுத்து வந்தாள். அந்தச் சின்ன ஜீவன்கள் வலியை வெளியே காட்டாது, கண்ணை அகல விழித்தபடி சத்தமில்லாமல் கிடந்தது. அவள் கழுத்தில் விரல் தடம். யார் செய்தது என்று கேட்டேன். "என்னை அடிச்சா நான் அழுறதில்ல டாக்டர், அதனால இதை மிதிக்கிறாரு" என்றாள்.

காலை எடுத்தால்தான் பிழைக்கும். நர்ஸ் லீவு, அவளையே மயக்க மருந்து மாஸ்க்கைப் பிடிக்கச் சொன்னேன். தொடை ரத்தக்குழாயை இடுக்கியில் பிடித்திருக்கும்போது வெளியே கண்ணாடி நொறுங்கியது. அவள் புருஷன். முன்னறையில் இருந்த அப்பாவின் தலையைக் கவுன்டரில் மோதும் சத்தம், "உள்ள விடமாட்டேன்டா" என்று அப்பா கத்தும் சத்தம், எல்லாம் கேட்கிறது. கினிப்பன்றியின் உடம்பில் மொத்த ரத்தமே அரை டம்ளர்தான், கையை எடுத்தால் செத்துவிடும், எடுக்காவிட்டால் உன் அப்பா. "நான் போயிடறேன், போனா அடங்கிடுவாரு" என்றாள் அவள். மாஸ்க்கை விட்டால் உன்னை நானே அறைவேன் என்றேன், என் வாயில் வந்ததைப் பார். முடிச்சுப் போடவும் கதவு பிளக்கவும் சரியாக இருந்தது. அவள் முடியைச் சுருட்டிப் பிடித்து இழுத்தான், அவள் மாஸ்க்கை விடவில்லை. சலைன் மாட்டும் இரும்புக் கம்பத்தைத் தூக்கி அவன் தோளில் போட்டேன், எலும்பு முறிந்தது என் கைக்கே தெரிந்தது. விழுந்தவன் "வேணாம்மா" என்று கையைத் தூக்கினான். அப்புறமும் முழங்காலில் ஒன்று போட்டேன்.

பக்கத்துக் கடைக்காரர்கள் போலீஸைக் கூப்பிட்டார்கள். நான்தான் அவனைக் கொல்ல வந்தேன் என்று கேஸ் கொடுத்திருக்கிறான். இரண்டாவது அடியைச் சொல்லாதே, லைசென்ஸ் போய்விடும் என்று அப்பாவும் வக்கீலும் மாறி மாறி ஓதுகிறார்கள். அந்தப் பெண் அக்கா வீட்டிலிருந்து பயத்தை விழுங்கிக்கொண்டு சாட்சி சொல்ல வருகிறாள், அவள் பக்கத்தில் நின்று நான் பாதியை மறைப்பதா? இரண்டையும் சொல்லப்போகிறேன். கினிப்பன்றி நம் வீட்டில்தான் இருக்கிறது, பட்டினி கிடந்தால் அதற்குக் குடல் நின்றுவிடும் என்று சிரிஞ்சில் ஊட்டிக்கொண்டிருந்தேன், நேற்று மூன்று காலில் தத்தி வந்து தானாகப் புல்லைக் கடித்தது.

நன்றாகச் சாப்பிடு, வேளைக்குத் தூங்கு, நீ தலை நிமிர்ந்து வாழ வேண்டும், அது போதும் எனக்கு. ஒன்று மட்டும் கேட்கிறேன். மாப்பிள்ளை கோபத்தில் தட்டைச் சுவரில் எறிந்தார் என்று முன்பு சிரித்துக்கொண்டே சொன்னாய், நானும் கூடச் சிரித்தேன். அது தட்டோடு நின்றதா? போனில் சொல்லாதே, அவர் பக்கத்தில் இருப்பார். இந்தக் கடிதத்தை உன் ஆபீஸ் விலாசத்துக்குத்தான் அனுப்புகிறேன், அங்கிருந்தே பதில் எழுது.

உனக்காக வாசலைத் திறந்தே வைத்திருக்கும்,
அம்மா