பதினோராவது படி

திருத்தணி
ஆனி மாதம் 8ஆம் தேதி

சௌபாக்கியவதி ஸ்ரீவர்ஷினிக்கு அப்பா அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிர் தேசத்தில் சௌக்கியமாக இருக்க சுவாமி அருள் செய்யட்டும். இங்கே அம்மா க்ஷேமம். அடுத்ததாக என்னைப் பற்றியும் அதே வார்த்தையை எழுதத்தான் கை போகிறது, அதை எழுதிவிட்டால் இந்தக் கடிதமே வீண், ஆகையால் அந்த இடத்தைக் காலியாக விட்டு மேலே போகிறேன். எதிர் வீட்டு பிரேமா டீச்சர் தன் பெண்ணைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊருக்குக் கிளம்புகிறாள். அவளிடம் அம்மா பருப்புப் பொடியும் வடு மாங்காயும் கொடுத்தனுப்புகிறாள், பொடி டப்பாவைச் சுற்றிய காகிதத்துக்குள் இந்தக் கடிதத்தை வைத்திருக்கிறேன், அம்மாவுக்குத் தெரியாது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நாலு வார்த்தைக்கு ஒரு தரம் எனக்கு மூச்சு வாங்குவது உனக்குக் கேட்டுவிடும். இரண்டு மாதமாக நீ கூப்பிட்டதும் எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு போனை அம்மா கையில் கொடுத்து நகர்ந்துவிடுகிறேனே, அது இதனால்தான். எழுதும்போது நடுவில் நிறுத்திக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாது.

ஆபரேஷன் ஜூலை ஒன்பதாம் தேதி. அம்மா உன்னிடம் எப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும், நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். சின்ன ஓட்டைதானாம்டி, காது குத்தற மாதிரி, நீ லீவு போட்டுண்டு ஓடி வராதே என்றாள். நானும் தலையாட்டினேன். தெரு முழுக்க இதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். விஷயம் அப்படி இல்லை. இதயத்தின் இடப்பக்கத்து வால்வு ஒன்று சரியாக மூடாமல், முன்னால் போக வேண்டிய ரத்தம் பின்னால் கசிகிறது, மூடி சரியாக உட்காராத பாத்திரம் மாதிரி. டாக்டர் கவிதா என் முன்னால் தன் கையையே காட்டி விளக்கினாள், உன்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவளாக இருப்பாள், கோயம்புத்தூர்ப் பக்கம். வலது மார்புக்குக் கீழே விலா எலும்புகளுக்கு நடுவில் நாலு விரல் அகலத்துக்கு வெட்டி, பக்கத்தில் இன்னொரு சின்ன துளை வழியாகக் கேமராவை விட்டு, டிவியில் பார்த்துக்கொண்டே நீளமான கருவிகளால் வால்வைத் தைத்து அதில் ஒரு வளையம் வைப்பார்களாம். தொடையில் குழாய் போட்டு ரத்தத்தை ஒரு மெஷினுக்குத் திருப்பிவிட்டு அந்த நேரம் இதயத்தை நிறுத்திவிடுவார்களாம். நெஞ்சு எலும்பை அறுக்க வேண்டாம், ரத்தம் அதிகம் போகாது, சீக்கிரம் எழுந்து நடக்கலாம். ஆனால் அவள் ஒன்று சொன்னாள், அதைத்தான் அம்மாவிடம் நான் சொல்லவில்லை. காயம்தான் சின்னது சார், உள்ளே நடப்பது அதே பெரிய ஆபரேஷன்தான் என்றாள்.

இனி எழுதப் போவதை நீ பொறுமையாகப் படிக்க வேண்டும், பாதியில் போனை எடுத்து அம்மாவிடம் கத்தக் கூடாது. போன தைக்கு முன்னால், ஜனவரி முதல் வாரத்தில், நானும் அம்மாவும் முதல் தடவையாக டாக்டர் கவிதாவிடம் போனோம். ஸ்கேன் பார்த்துவிட்டுக் கசிவு பெரியதாகத்தான் இருக்கிறது, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று கேட்டாள். எனக்கு உடனே கோயில் மடப்பள்ளி ஞாபகம் வந்தது. மூச்சு வாங்குகிறது என்று சொன்னால் பொங்கல் தவலையை இறக்கக் கூடாது என்பாள், தவலையை இறக்காத பரிசாரகன் மடப்பள்ளியில் எதற்கு. முப்பத்திரண்டு வருஷமாக நாக்கில் ஒரு பருக்கை வைக்காமல், வாசனையை மட்டும் பிடித்து உப்பும் இனிப்பும் சொல்கிறவன் நான், அந்தத் திமிர் வேறு. அதனால் மேடம், போன வாரம்தான் எங்கள் மலையில் முந்நூற்று அறுபத்தைந்து படியும் ஏறினேன், ஒரு இடத்தில்கூட மூச்சு வாங்கவில்லை என்றேன். அம்மாவும் பக்கத்தில் இருந்து ஆமா டாக்டர், நானும் கூடவே ஏறினேனே என்று சாட்சி சொன்னாள். அது பொய்யில்லை, ஆனால் அது எந்த நாள் என்று நான் சொல்லவில்லை. அது டிசம்பர் முப்பத்தொன்று, திருப்படித் திருவிழா. உனக்குத்தான் தெரியுமே, ஒவ்வொரு படியிலும் நின்று மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, முழுசாக ஒரு பாட்டுப் பாடி முடித்த பிறகுதான் அடுத்த படியில் கால் வைப்போம். அப்படி ஏறினால் தொண்ணூறு வயதுக்காரனுக்கும் மூச்சு வாங்காது. கோயம்புத்தூர்ப் பெண்ணுக்கு இது எப்படித் தெரியும். ஆச்சரியப்பட்டு அப்படியே காகிதத்தில் எழுதிக்கொண்டாள். அறிகுறி இல்லை என்றால் இப்போதைக்கு அவசரமில்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள், நடுவில் மூச்சு வாங்கினால் உடனே வாருங்கள் என்று அனுப்பிவிட்டாள். வெளியே வந்து நான் அம்மாவுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தேன், ஏதோ பரீட்சையில் பாஸானவன் மாதிரி.

நிஜம் என்னவென்றால், அந்தத் திருவிழா நாள் ஒன்றைத் தவிர, போன ஐப்பசியிலிருந்தே நான் படியில் ஏறுவதில்லை. வீட்டிலிருந்து குளித்து ஈரத்துண்டோடு கிளம்புவேன், தெரு திரும்பியதும் ஆறுமுகத்தின் ஆட்டோவில் உட்கார்ந்து மலைச் சாலை வழியாக மேலே போய்விடுவேன். அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று ஆறுமுகத்திடம் வாக்கு வாங்கியிருந்தேன். அவன் ஒருநாள், சாமி, நான் சத்தியமா அம்மாகிட்ட சொல்ல மாட்டேங்க, ஆனா படியில ஏறுறேன்னு சொல்லிகினு என் வண்டில குந்திகினு வர்றீங்களே, மேல இருக்கறவரு பாத்துகினுதான் இருக்காரு என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவும் மூச்சு போதவில்லை. சித்திரையில் ஒரு கிருத்திகை அன்று வெண்பொங்கல் தவலையை அடுப்பிலிருந்து தூக்கினேன், பாதியில் கண் இருட்டி, எப்படியோ கீழே வைத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். நல்லவேளை பொங்கல் கொட்டவில்லை, யார் காலிலும் படவில்லை. புகை ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். உடனே வரச் சொன்ன டாக்டரிடமும் போகவில்லை. அன்றிலிருந்து எனக்குப் பயம். படுத்தால் பயம், இடது பக்கம் திரும்பினால் இதயம் அடிப்பது காதிலேயே கேட்கிறது, அது ஒரு அடி தவறினால் அடுத்தது வருமா என்று காத்துக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம், டாக்டர் சொன்ன ஆறு மாதக் கெடு நெருங்கிவிட்டதால், அம்மாவுக்கு முழங்கால் வலி என்று ஆறுமுகம்தான் என்னை ரயிலேற்றி சென்னைக்குக் கூட்டிப்போனான். டாக்டர் ஸ்கேனைப் பார்த்தாள், பழைய காகிதத்தைப் பார்த்தாள், மறுபடி ஸ்கேனைப் பார்த்தாள். பிறகு எழுந்து, வாங்க சார், மலை ஏறுகிறவர்தானே, என்னோடு ஒரு மாடி ஏறுங்கள் என்று ஆஸ்பத்திரி மாடிப்படிக்குக் கூட்டிப்போனாள். பதினோராவது படியில் நின்றுவிட்டேன். நின்றதோடு இல்லாமல், பழக்க தோஷம், இரண்டு கையையும் கூப்பிக்கொண்டேன். அவள் எதற்குக் கும்பிடுகிறீர்கள் என்று கேட்டாள். அப்போதுதான் படித் திருவிழாவைப் பற்றிச் சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். ஜனவரியிலேயே சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று நானே கேட்டேன். அப்போதே செய்திருப்போம் சார், இப்போது இதயம் கொஞ்சம் பெருத்துவிட்டது, இன்னும் சின்ன வழியிலேயே முயற்சி செய்யலாம், தள்ளிப்போட வேண்டாம் என்றாள். ஆடிக் கிருத்திகை முடியட்டுமே, மடப்பள்ளியில் மூச்சு விட நேரமிருக்காதே என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். உங்களுக்கு இப்போதே மூச்சு இல்லையே சார் என்றாள். ஆறுமுகம் சிரித்துவிட்டான்.

அவள் ஒரு சம்மதக் காகிதம் கொடுத்து வீட்டில் எல்லோரும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு எடுத்து வரச் சொன்னாள். அதைப் பஞ்சாங்கத்துக்குள் வைத்திருக்கிறேன். அதில் ஒரு வரி இருக்கிறது, சின்ன வழியில் முடியாமல் போனால் அங்கேயே நெஞ்சை நடுவில் திறந்து செய்யச் சம்மதம் என்று. நோயாளி ஒரு கையெழுத்து, வீட்டு மனிதர் ஒரு கையெழுத்து. அந்த வரிக்கு என் பொய்தான் காரணமோ என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. டாக்டரைக் கேட்டால் எல்லா நோயாளிக்கும் அந்த வரி உண்டு என்கிறாள், மனசு கேட்கவில்லை. தெருவெல்லாம் காது குத்தற மாதிரி என்று சொல்லிக்கொண்டிருக்கும் உன் அம்மாவிடம் அதை எப்படி வாசித்துக் காட்டுவது. அதைவிட, தான் சொன்ன சாட்சியால்தான் ஆறு மாதம் போயிற்று என்று ஒருநாள் அவளுக்குத் தெரிய வருமே, அவள் தன்னையே நொந்துகொள்வாளே, அந்த முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன். இன்னொரு கேள்வியும் இருக்கிறது. நிறுத்திய இதயம் திரும்ப ஓடாவிட்டால் என்ன செய்வார்கள் என்று டாக்டரிடம் கேட்க இரண்டு தடவை வாயைத் திறந்தேன், இரண்டு தடவையும் வேறு எதையோ கேட்டுவிட்டேன். டாக்டரின் நம்பரைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், நீ கேள். பதில் நன்றாக இருந்தால் எனக்குச் சொல், இல்லாவிட்டால் உன்னோடேயே வைத்துக்கொள்.

அந்தக் கையெழுத்துக்கு ஆள் வேண்டும், அதற்காக நீ வர வேண்டும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதுவும் ஒரு படித் திருவிழாக் கதைதான். அம்மா அழுதாவது கையெழுத்துப் போட்டுவிடுவாள். நான் உன்னைக் கூப்பிடுவது அதற்கு இல்லை. வர்ஷினி, எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. என்னை உள்ளே கொண்டுபோகும்போது நீ வெளியே இருக்க வேண்டும். வராதே என்று போனில் தலையாட்டினேனே, அதை நம்பாதே. வந்துவிடு.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். அங்கே இப்போது குளிர்காலம் என்று ஹீட்டரைப் போட்டுக்கொண்டே ராத்திரி முழுக்கத் தூங்காதே, தொண்டை வறண்டுவிடும். வடு மாங்காயைத் தினமும் எடுக்காதே, உப்பு அதிகம். தீர்க்க சுமங்கலியாக, மனசில் ஒரு குறையும் இல்லாமல் நீ இருக்க வேண்டும் என்று அந்த மலைமேல் இருக்கிறவனை வேண்டிக்கொள்கிறேன். அம்மாவிடம் நீயாகவே கிளம்பி வருவதாகச் சொல், நான் கூப்பிட்டேன் என்று சொல்ல வேண்டாம், மற்றதை நீ வந்த பிறகு நானே அவளிடம் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்ததும் ஒரு போன் செய். இந்தத் தடவை நான்தான் எடுப்பேன், எடுத்துப் பேசவும் செய்வேன். மூச்சு வாங்கும். கேட்டுப் பயந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அப்பா,
சுப்பு